தராசு என்பவர் யார்?

சனிக்கிழமை காலை பத்தரை மணி. ஓட்டலின் சுழல் கதவு சுழலவில்லை. உள்ளே ஒருவன் மாட்டிக்கொண்டிருந்தான். அவனுக்குச் சொந்தக் கைகள் இரண்டு. முதுகில் அட்டையில் செய்து ஒட்டிய கைகள் நான்கு. அந்த நான்கில் ஒன்றைக் கதவு கவ்விக்கொண்டு விடமாட்டேன் என்றது. காவலாளி வெளியிலிருந்து கதவைப் பின்பக்கமாகத் தள்ள, உள்ளே இருந்தவன், பெயிண்ட் இன்னும் காயவில்லை, மெதுவாக, மெதுவாக என்று கண்ணாடிக்குள்ளிருந்து கெஞ்சிக்கொண்டிருந்தான்.

வெளியே இரண்டு பெண்கள் காத்து நின்றார்கள்.

"ஆளுக்கு நாப்பது வயசு இருக்கும்" என்றாள் பெரியவள். சொல்ல வேண்டியதெல்லாம் அந்த ஒரு வரியிலேயே இருந்தது.

பெரியவள் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தாளர். பதினெட்டு வருடமாக ஊரார் பொய்யைக் காது வழியே வாங்கி விரல் வழியே இறக்குகிற வேலை. அதனால் மனுஷ ஜாதியைப் பற்றி அவளுக்குப் பெரிய மரியாதை கிடையாது. யார், எந்த வருடம், எந்தக் கிழமை, என்ன சொன்னார்கள் என்பதை வார்த்தை பிசகாமல் திருப்பிச் சொல்வாள். அந்தத் தொல்லை தாங்காமல் புருஷன் அவளுக்கு வைத்த பெயர் 'ரெக்கார்டு'. பக்கத்தில் நின்றவள் அவளுடைய நாத்தனார். மருத்துவமனை ஒன்றின் மருந்தகத்தில் வேலை. முப்பத்தொரு வயது. சட்டென்று சிரிப்பாள், சட்டென்று அழுவாள், இரண்டுக்கும் ஒரே கைக்குட்டை.

இரண்டு பேரும் அங்கே வந்து நிற்பதற்குக் காரணம், போன ஞாயிற்றுக்கிழமை காலைச் சாப்பாட்டு மேசையில் பெரியவளின் மாமனார் போட்ட குண்டு.

மாமனார் முப்பத்தைந்து வருடம் எடை அளவு ஆய்வாளராக இருந்தவர். கடை கடையாகப் போய்த் தராசையும் படிக்கல்லையும் சோதித்து, அரை கிராம் குறைந்தாலும் பூட்டுப் போட்டவர். மாமியார் போய் நாலு வருடம் ஆகிறது. ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே, ஒரு அம்மாவைக் கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போவதாகச் சொன்னார். மூன்று வருடப் பழக்கம். விஞ்ஞானக் கதை ரசிகர்கள் வட்டத்தில் அறிமுகம். அடுத்த சனி, ஞாயிறு அந்த வட்டத்தின் மாநாடு ஓட்டலில் நடக்கிறது, வந்து பார்க்கிறவர்கள் பார்க்கலாம், மதியம் ஒரு மணிக்குச் சேர்ந்து சாப்பிடலாம் என்றார். சொல்லிவிட்டு அடுத்த ரொட்டியை எடுத்துக்கொண்டார்.

மகனுக்குத் தேநீர் புரையேறியது. மகளுக்கு அழுகை வந்தது. மருமகள் தட்டுகளை அடுக்கினாள்.

அப்புறம் அறைக்குள் கூடிப் பேசினார்கள். மகன், தன் டைல்ஸ் கடையில் சனிக்கிழமை சரக்கு எண்ண வேண்டியிருக்கிறது என்றான். பெண்களை எடைபோடப் பெண்கள்தான் லாயக்கு என்று ஒரு தத்துவத்தையும் சேர்த்துக்கொண்டான். ஆக, இவர்கள் இரண்டு பேரும் போவது; மரியாதையாகச் சாப்பிடுவது; அந்த அம்மாவை நன்றாகப் பார்த்துக்கொள்வது; வீட்டுக்கு வந்து முடியாது என்று சொல்லிவிடுவது. முடியாது என்பதைச் சொல்கிற பொறுப்பு மருமகளுக்கு. நாத்தனார் சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே அழுதுவிடுவாள்.

சுழல் கதவு ஒரு வழியாகக் கையை விட்டது. பச்சைப் பெயிண்ட் ஒட்டிய கண்ணாடியைத் தொடாமல், உடம்பைக் குறுக்கிக்கொண்டு, மருமகள் உள்ளே போனாள்.

வரவேற்புக் கூடத்தில் ஒரு மேசை. அதன் பின்னால் தாடிக்காரர் ஒருவர். தலையில் இரண்டு கம்பி உணர்கொம்புகள், ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு பஞ்சுருண்டை. ஏதோ அரசாங்க அலுவலகத்தில் கையெழுத்துப் போடுகிற முகம். அவர் தலையை ஆட்ட ஆட்ட உருண்டைகளும் ஆடின. அட்டை மாட்டிக்கொள்ளாமல் உள்ளே போகக்கூடாதாம். அட்டையில் சொந்தப் பெயரும் எழுதக்கூடாதாம். சொந்தப் பெயரை வாசலிலேயே விட்டுவிட வேண்டும், அதுதான் இங்கே முதல் விதி என்று விளக்கினார்.

நாத்தனார் யோசிக்கவே இல்லை. "மாத்திரை" என்றாள். தாடிக்காரருக்கு ரொம்ப சந்தோஷம். மருமகள், தான் பெயரை மாற்றிக்கொள்ள வரவில்லை, ஒருவரைப் பார்த்துவிட்டுப் போக வந்திருப்பதாக, சாட்சிக்குச் சத்தியப் பிரமாணம் படிக்கிற குரலில் சொன்னாள். தாடிக்காரர் கோபித்துக்கொள்ளவில்லை. நிதானமாக 'பூமிவாசி' என்று எழுதி அவள் கழுத்தில் மாட்டிவிட்டார்.

வழி நெடுகக் கம்பளம். குளிர்சாதனம் எலும்பைத் தொட்டது. அந்தக் குளிரிலும் வெள்ளித்தாள் சுற்றிய கிழவர் ஒருவர் வியர்த்து வழிந்துகொண்டிருந்தார். மூன்று பேர் ஒரே மாதிரி ஊதா முகத்தோடு சுவரோரம் உட்கார்ந்து, அட்டைப் பெட்டியிலிருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வாய் துடைத்த இடத்தில் மட்டும் சொந்த நிறம் எட்டிப் பார்த்தது. காகிதத் துப்பாக்கி வைத்திருந்த இருவர், ஒளியைவிட வேகமாகப் போகிற கப்பலில் விளக்கைப் போட்டால் எரியுமா எரியாதா என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். நிஜச் சண்டை. ஒருவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

வீட்டில் குழாய் ஒழுகினால் இதில் எவனாவது கவலைப்படுவானா என்று மருமகள் நினைத்துக்கொண்டாள். இவர்களுக்கெல்லாம் பெண்டாட்டி இருப்பாள். அந்தப் பெண்டாட்டி இப்போது மாவு அரைத்துக்கொண்டோ, துணி உலர்த்திக்கொண்டோ இருப்பாள். பிள்ளைகள் அப்பா எங்கே என்று கேட்கும். அப்பா செவ்வாய்க் கிரகத்துக்குப் போயிருக்கிறார் என்று சொல்வாள் போலிருக்கிறது. எதிர் அறையில் ஏதோ ஒரு கம்பெனியின் விற்பனைக் கூட்டம். டை கட்டிய ஆட்கள் வாசலில் நின்று இந்தக் கூத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்கள். மருமகளுக்கு அவர்களோடு போய் உட்கார்ந்துகொள்ளலாமா என்றிருந்தது.

நாத்தனாரோ முகத்தில் படம் வரைகிற இடத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். ஐந்தே நிமிடம் அண்ணி, சும்மா ஒரு நட்சத்திரம் மட்டும், என்று கெஞ்சிவிட்டு வரிசையில் போய் நின்றுகொண்டாள். அழுது தீர்க்க வந்தவள் நிலைமை அது.

மருமகள் தனியாகப் பெரிய கூடத்துக்குள் நுழைந்தாள். மேடையில் மாமனார் நின்றுகொண்டிருந்தார்.

அவளுக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. முழங்காலுக்குக் கீழே தொங்குகிற சாம்பல் நிறக் கோட்டு, வரிசையாகப் பித்தளைப் பொத்தான்கள். வலது கையில் ஒரு பித்தளைத் தராசு. வீட்டில் காற்றாடி சுற்றவில்லை என்பதைக்கூட இரண்டு தடவை தொண்டையைச் செருமிவிட்டுச் சொல்கிற மனுஷர், இங்கே ஒலிபெருக்கி இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்கப் பேசிக்கொண்டிருந்தார். நிகழ்ச்சிக்குப் பெயர் 'பிழை வேட்டை'. கதைகளில் இருக்கிற விஞ்ஞானத் தவறுகளைக் கூட்டத்தினர் பிடித்துக் கொண்டுவருவார்கள். அவர் எடைபோட்டுத் தீர்ப்புச் சொல்வார்.

நிலவில் ஒருவன் பாறையைப் பூப்போலத் தூக்கி எறிய, அது இன்னொருவன் நெஞ்சில் பட்டு, அவன் சிரித்துக்கொண்டே தட்டிவிட்டுப் போகிறானாம். இது சரியா என்று ஒரு பெண் கேட்டாள்.

"தூக்குறப்ப எடை குறையும். மோதுறப்ப வலி குறையாது" என்றார் மாமனார். தராசின் ஒரு தட்டைத் தாழ்த்தினார். "குற்றம் உறுதி."

கூட்டம் இரண்டு கைகளையும் தட்டுகள் மாதிரி மேலும் கீழும் ஆட்டியது. "தராசு! தராசு!" என்று கத்தியது.

மருமகளுக்குக் கூச்சம் பிடுங்கித் தின்றது. இந்த மனுஷரை அவள் மதித்தாள். அவள் மதித்த ஆட்கள் பட்டியல் மிகச் சின்னது. அதில் ஆண்கள் இவர் ஒருவர்தான். கல்யாணமாகி வந்த பதினாறு வருடத்தில் இவர் வாயிலிருந்து ஒரு பொய் வந்து அவள் கேட்டதில்லை. அப்படிப்பட்டவர் பொத்தான் வைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு...

அந்த எண்ணம் பாதியில் நின்றது.

தராசு.

இந்தப் பெயரை அவள் எழுதியிருக்கிறாள். பொருளின் பெயராக இல்லை, ஆளின் பெயராக. இடது கை விரல்கள் தாமாகவே மடங்கிப் பேனா பிடித்தன. 'தராசு என்பவர் யார்?' கேள்வி. 'அது அவருடைய பெயர் இல்லை.' பதில். 'அவருடைய பெயரைச் சொல்லுங்கள்.' 'சொல்லமாட்டேன். அவருக்குக் குடும்பம் இருக்கிறது.'

பதினொரு வருடத்துக்கு முன்னால், குடும்ப நீதிமன்றத்தில், கதவைச் சாத்திவைத்து நடந்த விசாரணை. விவாகரத்து வழக்கு. எட்டு வயதுப் பெண் குழந்தை யாரிடம் இருப்பது என்பதில் வந்து நின்றது. கணவன் தரப்பில் ஒரே ஒரு காகிதம் கொடுத்தார்கள். அதற்கு முந்தின வருடம், ரசிகர் மாநாட்டுக்கு மனைவி குழந்தையோடு போயிருக்கிறாள். குழந்தைக்கு மூச்சுத்திணறல் வந்து, மருத்துவமனையில் ஒரு ராத்திரி வைத்திருந்தார்கள். அந்த மருத்துவமனைச் சீட்டுதான் அந்தக் காகிதம். அதில், 'உடன் இருந்தவர்' என்ற இடத்தில், 'தராசு' என்று எழுதியிருந்தது.

கணவனின் வக்கீல் ஒரு முழு நாள் அவளை வறுத்தெடுத்தார். அந்த ஓட்டலில் நீங்கள் எந்தக் கிரகத்தில் தங்கியிருந்தீர்கள் என்று கேட்டார். நீதிபதி புன்னகைத்தார். வக்கீல்கள் சிரித்தார்கள். சுருக்கெழுத்தாளரும் சிரித்தாள். பதிவில் சிரிப்பு ஏறாது. கேள்வியும் பதிலும்தான் ஏறும். அந்தப் பெண் கடைசிவரை ஆளின் பெயரைச் சொல்லவில்லை. அதையே காரணமாகக் காட்டிக் குழந்தையை அப்பாவிடம் கொடுத்தார்கள்.

ரெக்கார்டுக்கு ஆஸ்பத்திரிச் சீட்டின் தேதியும் மறக்கவில்லை. அன்றைக்கு எழுதும்போது அது வெறும் தேதி. இப்போது, இந்த ஆளை மேடையில் வைத்துப் பார்த்தால், அது வேறு. அந்தச் சனிக்கிழமைதான் மாமியாருக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்தது. இவளும் நாத்தனாரும் மாறி மாறிப் பக்கத்தில் இருந்தார்கள். மாமனார் வெளியூரில் ஆய்வு முகாம், தவிர்க்க முடியாது என்று சொல்லிவிட்டு வெள்ளிக்கிழமையே கிளம்பியிருந்தார்.

சந்தேகத்தின் பலனை ஆளுக்குக் கொடுத்துப் பழகியவர்கள் நீதிபதிகள். இவள் எழுத்தர், சரிபார்ப்பாள். கூடத்துக்கு வெளியே, நடையின் சுவரில் பழைய மாநாட்டுப் படங்களை வருடவாரியாக ஒட்டியிருந்தார்கள். பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய படத்தைத் தேடிப் பிடித்தாள். இரண்டாவது வரிசையில் மூன்றாவது ஆள். மீசை கறுப்பு, கோட்டு அதே கோட்டு. கூண்டில் நின்ற அந்தப் பெண் வரிசையின் மறுகோடியில், மடியில் ஒல்லியான ஒரு குழந்தையை வைத்துக்கொண்டு. இருவருக்கும் நடுவில் பதினைந்து தலைகள். அதற்கு முந்தின படத்திலும் இருந்தார்கள். அதற்கு முந்தினதிலும்.

மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள் என்று அன்றைய பதிவிலும் இருந்தது, போன ஞாயிற்றுக்கிழமை மாமனார் சொன்னதும் அதேதான். மூன்று வருடப் பழக்கமாம்.

சோப்பு நுரை மாதிரி அவளுக்குள் ஏதோ பொங்கியது. கோபம் என்று சொல்ல முடியாது. இத்தனை வருடம் இந்த ஆளுக்குப் போட்டு வைத்த மரியாதையெல்லாம் தன் முகத்தில் வந்து ஒட்டிக்கொண்ட மாதிரி ஒரு அருவருப்பு.

நடையின் கோடியில் 'பழுது பார்க்கும் மேசை' என்று ஒரு பலகை. அங்கே தரையில் மண்டியிட்டு, ஒரு பெண், தடித்த ஆசாமி ஒருவரின் வாலைத் தைத்துக்கொண்டிருந்தாள். சாம்பல் நிறச் சட்டை, கழுத்துவரை பொத்தான். வேஷம் ஒன்றும் இல்லை. வாயில் இரண்டு குண்டூசி. அட்டையில் 'லென்ஸ்' என்று இருந்தது. கூண்டில் நின்ற அதே பெண். வால்காரரிடம் இனி உட்காரும்போது வாலைத் தூக்கிவிட்டு உட்காரச் சொல்லி அனுப்பிவிட்டு எழுந்தவள், எதிரே நிற்கிறவளைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள். அப்புறம், எழுதுகிற அந்த இடது கையைப் பார்த்தாள்.

"நீங்க கோர்ட்ல எழுதுறவங்க."

மருமகள் ஆமாம் என்று தலையசைத்தாள்.

"சிரிச்சீங்க" என்றாள் அந்தப் பெண். "வக்கீல் சிரிச்சாரு, அது அவர் தொழில். ஜட்ஜு சிரிச்சாரு, அவருக்குப் பொழுது போகணும். நீங்க எதுக்கு சிரிச்சீங்கன்னுதான் எனக்கு இன்னைக்கு வரைக்கும் புரியல."

பதினெட்டு வருடத்தில் சாட்சிக் கூண்டில் நின்றவர்கள் யாரும் சுருக்கெழுத்தாளரிடம் கேள்வி கேட்டதில்லை. மருமகள் தான் யார் என்பதை மட்டும் சொன்னாள். தராசின் மருமகள்.

அந்தப் பெண் ஊசிகளை ஒவ்வொன்றாகப் பெட்டியில் குத்திவைத்தாள். உலகம் இவ்வளவு சின்னதாக இருப்பது நல்ல கதைக்கு அழகில்லை, இங்கே யாராவது எழுதிக்கொண்டுவந்தால் கிழித்துப் போட்டுவிடுவார்கள் என்றாள். குரலில் நட்பு கிடையாது. பகையும் கிடையாது. அழுக்குத் துணியை இரண்டு விரலால் தூக்கிப் பார்க்கிற மாதிரி இவளைப் பார்த்தாள். அந்தப் பார்வை மருமகளுக்கு நன்றாகப் பழக்கமான பார்வை. இத்தனை நாள் அதை வீசுகிற இடத்தில்தான் அவள் இருந்தாள்.

மருமகள் கேட்டாள். கேட்காமல் வாய் நிற்காது. அன்றைக்கு ஏன் பெயரைச் சொல்லவில்லை?

நடந்ததை அந்தப் பெண் சுருக்கமாகச் சொன்னாள். அந்த மாநாட்டு ராத்திரி குழந்தைக்கு மூச்சு வாங்கியபோது தூக்கிக்கொண்டு ஓடியவர் அவர்தான். விடியும்வரை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவ்வளவுதான் நடந்தது. வழக்கு வந்தபோது, தானே வந்து நீதிமன்றத்தில் சொல்கிறேன் என்றார். தேதி சொல்லி அனுப்பினாள். அன்றைக்கு வாசலையே பார்த்துக்கொண்டு கூண்டில் நின்றாள்.

"வரல" என்றாள். "ஆஸ்பத்திரிச் சீட்டுலகூட சொந்தப் பேர எழுதாத மனுஷன், கோர்ட்டுக்கா வருவார்? பொண்ணுக்கு இப்ப பத்தொன்பது வயசு. எங்கிட்ட பேசுறதில்ல."

"அப்புறம் ஏன் அவரைக் கட்டிக்கணும்?"

"கோழைன்னு தெரிஞ்சுதான் ஒத்துக்கிட்டேன். தெரியாம ஏமாந்தது முதல் கல்யாணம். தனியா இருந்தும் பாத்துட்டேன், அது ஒண்ணும் பெரிய வீரம் இல்ல." பெட்டியை மூடினாள். "ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். பிள்ளைங்ககிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டுத்தான் எங்கிட்ட வரணும்னு. போன ஞாயித்துக்கிழமை சொல்லிட்டாராம். நீங்களும் இருந்திருப்பீங்களே."

ரொட்டியும் வெண்ணெயும் மருமகளின் கண் முன்னால் வந்து போயின.

ஒரு மணிக்கு நாலு பேரும் ஓட்டலின் சாப்பாட்டு அறையில், சன்னலோர மேசையில் உட்கார்ந்தார்கள். மாமனார் கோட்டைக் கழற்றி நாற்காலி முதுகில் மாட்டியிருந்தார். கோட்டில்லாமல் பழையபடி சிறுத்துப்போய், தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தார். நாத்தனார் கன்னத்தில் நீல நட்சத்திரம் ஒன்று மின்னியது. அந்தப் பெண்ணை அவளுக்குப் பிடித்துவிட்டது என்பது தட்டு வருவதற்கு முன்பே தெரிந்தது. தான் வேலை செய்கிற மருந்தகத்தில், கண் சொட்டு மருந்தைக் காதில் விட்டுக்கொண்டவர்களின் கதையைச் சொன்னாள். அந்தப் பெண் சிரித்தாள். சிரிக்கும்போது பத்து வயது குறைந்தாள். அண்ணி பக்கம் சாய்ந்து, அண்ணனிடம் என்ன சொல்வதென்று தனக்குத் தெரியவில்லை, அப்பாவிடம் முடியாது என்று எப்படிச் சொல்வது என்று நாத்தனார் காதோடு கிசுகிசுத்தாள்.

பிறகு, யாருக்கும் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாத ஒரு கேள்வியைக் கேட்டாள்.

"அப்பா, நீங்க ரெண்டு பேரும் மொதமொதல்ல எப்ப பாத்துக்கிட்டீங்க?"

"மூணு வருஷம் இருக்கும்மா. ரிட்டயர் ஆனப்புறம் வீட்ல சும்மா இருக்க முடியாம வந்தேன்ல, அப்ப." சூப்பில் உப்பு சரியாக இருக்கிறது என்று சொல்கிற குரல். துளி நடுக்கம் இல்லை. பதினாறு வருடமாகத் தான் நம்பிய குரல் இதுதான் என்று மருமகள் கவனித்தாள்.

அந்தப் பெண் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"பதினாலு" என்றாள்.

மாமனார் சிரித்தார். வருடக் கணக்கில் அவள் கொஞ்சம் வீக் என்றும், கதை படித்துப் படித்து எல்லாம் குழம்பிவிடும் என்றும் சொன்னார். சொல்லிக்கொண்டே மேசைக்கு அடியில் அவள் கையைத் தொட்டிருக்க வேண்டும். அவள் கையை எடுத்து மேசை மேல் வைத்துக்கொண்டாள்.

"சொல்லிட்டேன்னு எங்கிட்ட சொன்னீங்க."

அவர் சூப்பைப் பார்த்தார்.

நாத்தனார் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். மருந்துப் பட்டையைத் திருப்பிக் காலாவதித் தேதி பார்க்கிற மாதிரி முகம் சுருங்கியது. "பதினாலு வருஷம்னா அம்மா இருந்தாங்களே. நான் காலேஜ்கூட சேரலையே." அப்பாவைப் பார்த்தாள். "அவங்க ஏதோ தப்பாச் சொல்றாங்க. இல்லப்பா?"

"ஆமாம்மா" என்றார் மாமனார்.

ஒரே ஒரு வார்த்தை. ஊர்க் கடைக்காரன் ஒவ்வொருவனும் அரை கிராமுக்காக இவர் முன்னால் நடுங்கியிருக்கிறான்.

அந்தப் பெண் வாக்குவாதம் செய்யவில்லை. தான் சொன்னதே சரி என்று நிரூபிக்கவும் முனையவில்லை. நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தாள். யாரோ ஒருவருடைய இறக்கை காத்துக்கொண்டிருக்கிறது, ஒட்ட வேண்டும் என்றாள். அன்றைக்கும் இப்படித்தான், இதே மாதிரி நிமிர்ந்த முதுகோடு கூண்டிலிருந்து இறங்கிப் போனாள். அன்றைக்கு மருமகள் அந்த முதுகைப் பார்க்கவில்லை. பேனாவுக்கு மூடி போட்டுக்கொண்டிருந்தாள்.

சாத்திய கதவுக்குள் கேட்டதை வெளியே சொல்லக்கூடாது. சொன்னால் வேலை போகும். வீட்டில் புருஷன், ஊர்ச் சனியனை விலைக்கு வாங்கி வந்தாயா என்பான். பக்கத்தில் நீல நட்சத்திரத்தோடு ஒருத்தி, அப்பா சொன்ன ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறாள். அந்த வார்த்தையைப் பிடுங்கினால் அவள் என்ன ஆவாளோ தெரியாது. மருமகள் எல்லாவற்றையும் யோசித்தாள். ரொம்ப நேரம் யோசித்ததாக அவளுக்குத் தோன்றியது. அந்தப் பெண் இரண்டே எட்டுதான் வைத்திருந்தாள்.

"உக்காருங்க" என்றாள் மருமகள்.

அந்தப் பெண் திரும்பி நின்றாள்.

"மாமா சொல்றது பொய்" என்றாள் மருமகள், நாத்தனாரைப் பார்த்து. "அவங்க சொல்றதுதான் சரி."

மாமனாரின் முகம் நிறம் மாறியது. மருமகள் அவருக்கு எதிராகப் பேசினாள் என்பதைவிட, அவளுக்கு எப்படித் தெரிந்தது என்பதுதான் அவரை உலுக்கியது. அதையே மகள் கேட்டாள்.

"உங்களுக்கு எப்படித் தெரியும், அண்ணி?"

மருமகள் அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். பதினாறு வருடத்தில் முதல் தடவையாக மாமனாரை நேருக்கு நேர், இமைக்காமல் பார்த்தாள். பார்க்கப் பார்க்க, பரிதாபம் வரவில்லை.

"எனக்கு எப்படித் தெரியும்ங்கறதை அப்புறம் சொல்றேன்" என்றாள். "மொதல்ல மாமா சொல்லட்டும். பன்னெண்டு வருஷத்துக்கு முன்னால, அத்தைக்கு ஆபரேஷன் நடந்த அன்னைக்கு ராத்திரி, நீயும் நானும் அத்தை பக்கத்துல உக்காந்திருந்தப்ப, மாமா எங்க இருந்தார்?"

நாத்தனாரின் கை கன்னத்துக்குப் போனது. நட்சத்திரம் கலைந்து விரலில் நீலமாக ஒட்டிக்கொண்டது.

அந்தப் பெண் மெதுவாக நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். மருமகளை அவள் பார்க்கவில்லை. மாமனார் பக்கம் திரும்பினாள்.

"என்ன ஆபரேஷன்?" என்றாள்.